முதல் ஷேர் வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

எங்கள் அலுவலகத்தில் தீபாவளி போனஸ் வரும் வாரத்தில் யாராவது ஒருவர் என் மேசைக்கு வந்து நிற்பார். "சார், கையில ஒரு லட்சம் இருக்கு. எந்த ஷேர் வாங்கலாம்?" நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன் என்பதைத் தவிர இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. இருபது வருஷமாக வாங்கி, விற்று, தலையில் அடித்துக்கொண்டு, மறுபடியும் வாங்கிய அனுபவம் உண்டு, அவ்வளவுதான். எந்த ஷேர் என்று நான் சொல்வதில்லை. அவர்களிடம் என்ன சொல்கிறேனோ அதை வரிசைப்படுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்களை நினைத்து எழுதியது. ஏற்கனவே ஏழெட்டு கம்பெனி ஷேரை வாங்கி வைத்துக்கொண்டு மனசு வெறுத்துப்போனவர்களுக்கும் பாதி பொருந்தும்.

படி 1: நோட்டில் மூன்று எண்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் செல்போனை நீட்டினார். "மாமா, பாருங்க. 38 பர்சென்ட் லாபத்துல இருக்கேன்."

ஆப்பில் ஏழு கம்பெனி. ஏழும் பச்சை. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. "சரி மாப்ள, ஆரம்பிச்சதுல இருந்து உன் பேங்க்ல இருந்து புரோக்கருக்கு மொத்தம் எவ்வளவு போயிருக்கு?" என்று கேட்டேன். தெரியவில்லை. பேங்க் ஸ்டேட்மெண்டை வருஷம் வருஷமாகத் திறந்து, புரோக்கர் பெயர் வரும் வரிகளை மட்டும் என் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதினோம். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஆறு வருஷத்தில் போனது 6,40,000 ரூபாய். திரும்பி வந்தது 90,000. ஆப் காட்டும் இன்றைய மதிப்பு 6,30,000. மூன்றையும் கூட்டிக் கழித்தால் மொத்த லாபம் 80,000 ரூபாய்தான்.

அப்படியானால் 38 சதவீதம் எங்கிருந்து வந்தது? ஆப்பின் முதல் பக்கம் இப்போது கையில் இருக்கும் ஷேர்களை மட்டுமே காட்டும். அந்த ஏழையும் வாங்க அவர் போட்டது 4,56,000. அது 6,30,000 ஆகியிருந்தது. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் நடுவில் வாங்கி நஷ்டத்துக்கு விற்றவையும், ஆப்ஷனில் (ஷேர் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற வர்த்தகம்) விட்டதும் சேர்ந்து 94,000 ரூபாய். அது வேறொரு பக்கத்தில், அறிக்கைகளுக்குள் போய் ஒளிந்திருந்தது. விற்றவுடன் திரையிலிருந்து போய்விடுகிறது. திரையிலிருந்து போனது மனசிலிருந்தும் போய்விடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

பணம் வெவ்வேறு தேதிகளில் போனதால் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று பார்க்க, எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு வரிசையில் தேதி, பக்கத்தில் தொகை. புரோக்கருக்குப் போட்ட தொகைக்கு முன்னால் கழித்தல் குறி. திரும்பி வந்ததற்கும் கடைசி வரியில் இன்றைய மதிப்புக்கும் குறி வேண்டாம். சூத்திரத்தைப் போட்டால் வருஷ விகிதம் வரும். என் மைத்துனருக்கு 4 சதவீதத்தை ஒட்டி வந்தது. அதே ஆறு வருஷத்தில் தபால் நிலையத்தில் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

புதிதாக வருபவருக்கு எழுத எதுவும் இருக்காது. நல்லது. முதல் நாளிலிருந்தே மூன்று எண்களை மட்டும் எழுதி வாருங்கள்: போனது, வந்தது, இன்றைய மதிப்பு. மாதம் ஒருமுறை போதும். ஷேர் விலையை எழுத வேண்டாம்.

ஏன் அலுத்துப்போகிறது

படி 2-க்குப் போகும் முன் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

கொங்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்குத் தெரியும். ஒரே ஊரில் பத்து பேர் ஆயிரம் அடி இறக்கினால் ஒருவருக்கு மூன்று அங்குலம் தண்ணீர் கொட்டும். நாலு பேருக்குப் புகைதான் வரும். ஷேரும் அப்படித்தான். ஹென்ட்ரிக் பெஸம்பைண்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அந்நாட்டுச் சந்தையில் இருந்த எல்லாப் பங்குகளையும் எடுத்துக் கணக்குப் போட்டார். சந்தை மொத்தமும் சேர்த்து, அரசாங்கத்தின் ஒரு மாதக் கருவூலப் பத்திரத்துக்கு மேலாக உண்டாக்கிய செல்வம் முழுவதும் 4 சதவீத கம்பெனிகளிடமிருந்தே வந்திருந்தது. பாதிக்கு மேற்பட்ட பங்குகள் தங்கள் ஆயுள் முழுக்க அந்தப் பத்திரம் தந்த வட்டியைக்கூடத் தரவில்லை. சந்தை ஏறுகிறது என்பதும் சந்தையில் இருக்கும் பெரும்பாலான ஷேர்கள் சோபிக்கவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. "மார்க்கெட் இவ்வளவு ஏறுதே, நம்முது மட்டும் ஏன் ஏறல?" என்ற புலம்பலுக்கு இதுதான் பதில்.

சரி, அந்த 4 சதவீதத்தில் ஒன்று நம் கையில் சிக்கினாலும் நாம் வைத்திருப்போமா? 30 சதவீதம் ஏறியதும் கை பரபரக்கும். விற்றுவிடுவோம். இறங்கியதை மட்டும் "அசலுக்கு வந்தா வித்துடலாம்" என்று கட்டிக்கொண்டு அழுவோம். 100 ரூபாய் ஷேர் 50-க்கு இறங்கினால் அசலுக்கு வர அது இரண்டு மடங்காக வேண்டும். 20-க்கு இறங்கினால் ஐந்து மடங்கு. நாம் கொடுத்த விலை கம்பெனிக்குத் தெரியாது. அந்த விலைக்குத் திரும்பி வர வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

நானே மாட்டிய கதை ஒன்று. 2010-ல் சாலை, பாலம் கட்டும் ஒரு கம்பெனியின் ஷேரை 140 ரூபாய்க்கு வாங்கினேன். 90-க்கு வந்தபோது இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்தேன். 45-க்கு வந்தபோது இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் என் சராசரி விலை குறைந்தது, என் பணம் அதிகமாக உள்ளே போனது. கடைசியில் கடன்காரர்கள் திவால் தீர்ப்பாயத்துக்குப் போக, வர்த்தகமே நின்றுபோயிற்று. இன்றைக்கும் மாதாமாதம் வரும் டீமேட் (ஷேர்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) அறிக்கையில் அந்தக் கம்பெனி ஒரு வரியாக இருக்கிறது. எண்ணிக்கை 600, மதிப்பு பூஜ்ஜியம். விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது.

விலை குறைவான ஷேர் மலிவானது என்ற நினைப்பு அடுத்த கண்ணி. 2023 ஜூனில் நம் சென்னை எம்ஆர்எஃப் பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதே சமயம் வோடஃபோன் ஐடியா பங்கு 7, 8 ரூபாய். எது விலை கூடியது? எம்ஆர்எஃப்-க்கு மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள். மற்றதற்கு அப்போது 4,800 கோடிக்கு மேல். பெருக்கிப் பாருங்கள்: முதல் கம்பெனியின் சந்தை மதிப்பு 42,000 கோடி சொச்சம், இரண்டாவது 35,000 கோடியை ஒட்டி. 7 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று ஆயிரம் ஷேர் வாங்கியவர் வாங்கியது மலிவுச் சரக்கில்லை. கேக்கைப் பொடிப்பொடியாக வெட்டியதில் ஒரு துணுக்கு.

ஐபிஓ, அதாவது ஒரு கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்கு ஷேர் விற்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வந்தபோது ஊரெல்லாம் திருவிழா. கேட்டதைவிட 70 மடங்குக்கு மேல் விண்ணப்பம். சிறு முதலீட்டாளருக்கு விலை 430 ரூபாய். பிப்ரவரி 11 அன்று பட்டியலான முதல் நாளே 372.50-ல் முடிந்தது. பிறகு ஆறுதலாக 5 பங்குக்கு 3 போனஸ் கொடுத்தார்கள். அதையும் கணக்கில் சேர்த்தால் ஒரு பங்கின் அடக்கவிலை சுமார் 269. 2020 மார்ச்சில் அந்தப் பங்கு ஒரு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைத்தது. இதே 2008 ஜனவரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருகிறேன்.

அடிக்கடி வாங்கி விற்பதன் செலவு கண்ணுக்குத் தெரியாது. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி. விற்கும்போது டெபாசிட்டரி கட்டணம் என்று ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு 13 முதல் 20 ரூபாய் வரை பல புரோக்கர்கள் பிடிப்பார்கள். நீங்கள் விற்பது 500 ரூபாய் ஷேராக இருந்தாலும் அதேதான்; அங்கேயே 3, 4 சதவீதம் போச்சு. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இருவர் 1991 முதல் 1996 வரை ஓர் அமெரிக்க புரோக்கரிடம் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களைப் பார்த்தார்கள். சந்தை வருஷத்துக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4.

படி 2: இது எந்தப் பணம்?

இங்கே சீக்கிரம் முடித்துவிடலாம். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. உங்கள் சம்பளத்தை நம்பி யாராவது இருந்தால் ஒரு டேர்ம் பாலிசி. கிரெடிட் கார்டு பாக்கி, நகைக்கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். கந்துவட்டிக்கு வாங்கி ஷேர் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மிச்சமிருக்கும் பணத்தின் மேல் ஒரு வருஷத்தை எழுதுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் மூன்று வருஷத்தில் வேண்டுமா? அது ஷேர் பக்கமே போகக் கூடாது, எந்த வடிவிலும். ஏழு, எட்டு வருஷத்துக்குத் தொட மாட்டேன் என்று சொல்ல முடிகிற பணம் மட்டும்தான் படி 4-க்குப் போகும்.

படி 3: அசல் தப்பும் இடங்கள்

"எஃப்டி எல்லாம் வேஸ்ட் சார்" என்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. மூன்று வருஷத்தில் தேவைப்படும் பணத்துக்கு எஃப்டியை விட எளிதானது எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கே போடுகிறீர்கள் என்று பாருங்கள். வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு (2020 பிப்ரவரி வரை இது ஒரு லட்சமாக இருந்தது). தனியார் வங்கி, ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஊரில் நாம் சொசைட்டி என்று சொல்கிற தொடக்கக் கூட்டுறவு கடன் சங்கத்துக்குப் பொருந்தாது. நிதி நிறுவனங்களில் போடும் டெபாசிட்டுக்கும், மயிலாப்பூர் மாமாக்கள் நம்பிப் போட்ட பெனிஃபிட் ஃபண்டு வகையறாவுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. அரை சதவீதம் கூட வட்டி வருகிறதே என்று அங்கே கொண்டுபோய்க் கொட்டும் முன் இதை யோசியுங்கள். பெருந்துறைப் பக்கம் 2012-ல் ஈமு கோழியில் போட்டு ஏமாந்தவர்கள் யாரும் ஷேர் மார்க்கெட்டை நம்பாதவர்கள்தான். "அது சூதாட்டம்" என்று சொல்லிவிட்டுக் கோழியில் போட்டார்கள்.

தபால் நிலையத் திட்டங்களுக்கு மத்திய அரசே பொறுப்பு. நீண்டகாலப் பணத்துக்கு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி): 15 வருஷம், வருஷத்துக்கு 500 முதல் 1.5 லட்சம் வரை, வட்டிக்கு வரி இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து பல வருஷமாக வட்டி 7.1 சதவீதத்திலேயே நின்றிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு இதை மாற்றலாம் என்பதால் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இதே வட்டியில் வருஷத் தொடக்கத்திலேயே 1.5 லட்சம் போட்டு வந்தால் 15 வருஷ முடிவில் 40 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும்; நீங்கள் போட்டது 22.5 லட்சம். ஒரு சின்ன நுணுக்கம்: மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் பணம் ஏறினால்தான் அந்த மாத வட்டி. 5-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் கணக்கிடுகிறார்கள். 6-ஆம் தேதி வரிசையில் நிற்பவரைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

60 வயது ஆனவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. உச்சவரம்பு 30 லட்சம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். ஓய்வு பெற்ற பணத்தில் ஷேர் பழகலாம் என்று கிளம்பும் அப்பாக்களை முதலில் இங்கே அழைத்துப் போங்கள். செல்போனில் பழகியவர்கள் ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட் கணக்கையும் பார்க்கலாம். 2021 நவம்பரில் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் அரசுப் பத்திரம், கருவூலப் பத்திரம் வாங்கலாம், கணக்குக்குக் கட்டணம் இல்லை.

படி 4: எல்லாக் கிணற்றிலும் ஒரு பங்கு

பத்துக் கிணற்றில் எதில் தண்ணீர் வரும் என்று தெரியாதபோது பத்திலும் கொஞ்சம் பங்கு வைத்துக்கொள்வதுதான் இண்டெக்ஸ் ஃபண்ட். நிஃப்டி 50 என்பது தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய கம்பெனிகளின் பட்டியல். அதைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் 5,000 ரூபாய் போட்டால் அது அந்த 50 கம்பெனிகளுக்கும் அவற்றின் அளவுக்கேற்பப் பிரிந்து போகும். எதை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை; பட்டியலில் இருப்பதை வாங்குவார்கள், அதனால் செலவும் குறைவு.

இதில் நல்ல விஷயம், பட்டியல் தன்னைத்தானே களை எடுத்துக்கொள்கிறது. யெஸ் வங்கிப் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி தலையிட்டு, கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்றது. 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள் அதில் முக்கால்வாசியை மூன்று வருஷம் விற்க முடியாதபடி பூட்டும் போட்டார்கள். அந்த ஷேரைத் தனியாக நம்பியவர்களுக்கு அது பேரிடி. நிஃப்டி ஃபண்டு வைத்திருந்தவர்களில் பலருக்கு அது தங்கள் ஃபண்டுக்குள் இருந்ததே தெரியாது. விலை இறங்க இறங்க அதன் பங்களவும் சுருங்கிக்கொண்டே வந்தது. அதே மாதம் 19-ஆம் தேதி அதை எடுத்துவிட்டு ஸ்ரீ சிமென்ட்டைச் சேர்த்தார்கள்.

இப்போது அந்த 2008 ஜனவரிக்கு வருவோம். நியாயமாகப் பேச வேண்டுமென்றால் மிக மோசமான நாளையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 8 அன்று நிஃப்டி 6,287-ல் முடிந்தது, அப்போதைய உச்சம். அக்டோபர் 27-ல் 2,524. பத்து மாதத்துக்குள் 60 சதவீதம் காலி. 2010 நவம்பரில் பழைய உச்சத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கியது. அதைத் தாண்டி நிலையாக மேலே போக 2013 கடைசி, 2014 ஆகிவிட்டது. ஆறு வருஷம்! இண்டெக்ஸ் ஃபண்டு பாதுகாப்பானது என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் இந்த ஆறு வருஷத்தை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று நிஃப்டி முதல்முறையாக 25,000-க்கு மேல் முடிந்தது. உச்சத்தில் ஒரே தவணையாகப் போட்ட அந்தத் துரதிர்ஷ்டசாலிக்கும் பதினாறரை வருஷத்தில் நாலு மடங்கு, வருஷத்துக்கு 8.7 சதவீதம், டிவிடெண்ட் தனி. ரிலையன்ஸ் பவர் வைத்திருந்தவரின் அறிக்கையை அன்றைக்கு நான் பார்க்க விரும்ப மாட்டேன்.

வாங்கும் வழி:

பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பெயரில், ஒரே எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் என்று இருந்து கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) நிராகரிக்கப்படுவது நம் ஊரில் தினசரி நடப்பது. தாமதம் முக்கால்வாசி இங்கேதான்.

ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்திலோ ஆப்பிலோ தேடும்போது ஒரே ஃபண்டு நாலைந்து பெயரில் வரும். அதில் "டைரக்ட்", "குரோத்" என்ற இரண்டு சொல்லும் இருப்பதை எடுங்கள். "ரெகுலர்" என்றால் நடுவில் ஒருவருக்கு வருஷா வருஷம் கமிஷன் போகிறது. மாதம் 5,000 வீதம் 20 வருஷம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 11 சதவீதம் கிடைத்தால் சுமார் 43 லட்சம், 10 என்றால் 38 லட்சம். அந்த ஒரே சதவீதத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். உங்களுக்கு உண்மையிலேயே வழிகாட்டி, சந்தை விழும்போது விற்காமல் தடுக்கும் ஏஜென்ட் கிடைத்தால் அந்தக் கமிஷன் தகும். பண்டிகைக்கு டைரி கொடுப்பதோடு சரி என்றால் தகாது.

இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்குள் எதை எடுப்பது என்று ரொம்ப அலச வேண்டாம். எல்லாம் அதே 50 கம்பெனிதான். செலவு விகிதம் (ஃபண்டை நடத்த வருஷத்துக்கு நம் பணத்தில் பிடிக்கும் சதவீதம்) குறைவாக இருக்கிறதா, இண்டெக்ஸ் தந்ததற்கும் ஃபண்டு தந்ததற்கும் வித்தியாசம் சிறியதா, இரண்டு மட்டும் போதும். மிட்கேப் (நடுத்தரக் கம்பெனிகள்), ஸ்மால்கேப் (சிறிய கம்பெனிகள்), ஏதோ ஒரு தொழில்துறை இண்டெக்ஸ் என்று பத்து ஃபண்டு சேர்த்தால் மறுபடி ஷேர் பொறுக்கும் வேலையே வேறு பெயரில் ஆரம்பிக்கிறது.

சம்பளம் ஏறும் நாளுக்கு மறுநாள் எஸ்ஐபி (மாதாமாதம் தானாகப் பணம் ஃபண்டுக்குப் போகும் ஏற்பாடு) தேதி வையுங்கள். பிறகு அந்த ஆப்பைச் செல்போனின் முதல் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

படி 5: ஏற்கனவே கையில் இருப்பது

ஒவ்வொரு ஷேருக்கும் நேராக நோட்டில் ஒரே கேள்வி: இந்த ஷேரை இன்று யாரோ விற்றுவிட்டு, அந்தப் பணத்தை என் கையில் கொடுத்தால், இதையே திரும்ப வாங்குவேனா? வாங்குவேன் என்றால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் விற்க வேண்டியது அது. வாங்கிய விலையை அந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது. எழுதினால் "அசலுக்கு வரட்டும்" வந்துவிடும்.

நஷ்டத்தில் விற்பதிலும் ஒரு சிறு பயன் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற ஷேர், ஷேர் சார்ந்த ஃபண்டு லாபத்துக்கு, நிதியாண்டில் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீத வரி. ஒரு வருஷத்துக்குள் என்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதம். குறுகியகால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும். கழிக்க லாபமே இல்லையென்றால் எட்டு வருஷம் வரை தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் அந்த வருஷ வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். "நஷ்டம்தானே, எதுக்கு ஃபைல் பண்ணணும்" என்று விட்டவர்கள் அடுத்த வருஷம் லாபம் வந்தபோது வந்து கேட்டிருக்கிறார்கள். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்க மனசு வராது. என் மைத்துனர் மாதம் ஒன்றாக, நாலு மாதத்தில் நாலை விற்றார்.

படி 6: ஆசை அடங்கவில்லை என்றால்

அடங்காது. எனக்கும் அடங்கவில்லை. அதற்காக ஒரு தனி டீமேட் கணக்கு வைத்திருக்கிறேன். மொத்த முதலீட்டில் 10 சதவீதத்துக்கு மேல் அங்கே போகாது. காலியானால் அந்த வருஷம் நிரப்புவதில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிக்காமல் வாங்குவதில்லை என்பது விதி. அந்த விதியை இரண்டு தடவை மீறியிருக்கிறேன், இரண்டு தடவையும் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது.

அந்தக் கணக்கில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வசதியைத் திறக்கவே வேண்டாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வுப்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அன்றன்றே வாங்கி அன்றன்றே விற்கும் இன்ட்ராடேயில் 2022-23-ல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்று 2024 ஜூலையில் சொன்னார்கள். மைத்துனரின் 94,000-த்தில் பெரும்பகுதி எதில் போனது என்று ஊகித்திருப்பீர்கள்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் யாரோ சேர்த்துவிட்டு "நாளைக்கு அப்பர் சர்க்யூட்" (ஒரு நாளில் ஏற அனுமதிக்கும் உச்ச வரம்பு) என்று ஒரு பெயரைச் சொல்வார்கள். மறுநாள் சொன்னபடியே ஏறும். அதற்கடுத்த நாளும் ஏறும். நம்பிக்கை வந்து நாம் வாங்கும்போது நமக்கு விற்கிறவர் அவரேதான். பிறகு லோயர் சர்க்யூட், இறங்குவதற்கான வரம்பு. விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது. யாராவது ஆலோசனைக்குப் பணம் கேட்டால் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள், அதைச் செபி இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பதிவு எண் கேட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால் செலவில்லாமல் தப்பித்தீர்கள். புரோக்கர் மேலோ ஃபண்டு மேலோ புகார் இருந்தால் முதலில் அவர்களுக்கு எழுத்தில். தீரவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில்.

கடைசியாக, கணக்கு திறக்கும்போது எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு திரை: நாமினி. டீமேட், ஃபண்டு, பிபிஎஃப், எஃப்டி எல்லாவற்றிலும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றில் போட்டால் மற்றதற்கு வராது. கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கென்றால் அதில் அம்மா பெயர்தான் இருக்கும், ஒருமுறை பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று எழுதி, அந்த நோட்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் அது ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது.